தம்பியின் வாக்கு, அண்ணனின் கை

1

இந்த ஜனவரி பிறந்ததிலிருந்து நான் வேலைக்கு வெளியூர் போய் வருகிறேன். வேலையும் மாறவில்லை, வீடும் மாறவில்லை. செயின்ட்-மிஷேலில் அதே இரண்டாம் மாடி, புவாண்ட்-கிளேரில் அதே பண்டகசாலை. காலையில் அதே பஸ், அதே மெற்றோ, பிறகு இன்னுமொரு பஸ். ஆனால் நான் போய் இறங்குகிற இடம் இப்போது மொன்றியல் இல்லை.

மொன்றியல் ஒரு தீவு என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. வந்து ஒரு வருடம் வரைக்கும் எனக்கும் தெரியாது. நாலு வருடத்துக்கு முன்னர் இந்தத் தீவிலிருந்த சின்ன நகரங்களையெல்லாம் அரசாங்கம் ஒன்றாகச் சேர்த்து ஒரே மாநகரமாக்கியது. புவாண்ட்-கிளேர்க்காரருக்கு அது துண்டறப் பிடிக்கவில்லை. தீவின் மேற்கு முனையில் இருக்கிற சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூக்காரருக்கும் பிடிக்கவில்லை. கையெழுத்துச் சேர்த்தார்கள், வாக்குப் போட்டார்கள், இந்தப் புதுவருடத்தோடு பிரிந்து போய்விட்டார்கள். ஒரு கல்லெறி இல்லை, ஒரு ஊரடங்கு இல்லை. தெருப்பனியை யார் அள்ளுவது என்று இரண்டு பகுதியும் மேசையிலிருந்து பேசித் தீர்த்தார்கள். ஊரில் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் எரிச்சலும் வந்தது.

புதுவருடம் முடிந்து வேலைக்குப் போன முதல் நாள், பண்டகசாலை வாசலில் நாகப்பர் கையை நீட்டி மறித்தார்.

"பாஸ்போட்?"

நான் மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியைக் காட்டினேன். மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். உள்ளே மீன் பொரியலும் புட்டும்.

"செல்லுபடியாகும். உள்ளுக்குப் போம்."

ஐம்பத்தொன்பது வயது மனிதர். இப்படித்தான் நாளைத் தொடங்குவார். அவரோடு சேர்ந்து பெட்டி அடுக்கி இது பதின்மூன்றாவது வருடம். எனக்கு இந்த வாழ்க்கை போதும் என்று அடிக்கடி தோன்றுவதற்கு அவரும் ஒரு காரணம். ஆனால் நடுவில் எட்டு வருடம் நான் அவரிடம் ஒரு விஷயத்தை மறைத்து வைத்திருந்தேன். புவாண்ட்-கிளேர் பிரிந்த கதையைப் பற்றி எழுதத்தான் பேனையை எடுத்தேன், கை அந்தப் பக்கம் போகிறது. போகட்டும்.

2

அவருடைய கடவுச்சீட்டில் ரெமி நாகபேன் என்று இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த நாள், உடுப்பு வைக்கிற பெட்டகக் கதவில் ஒட்டியிருந்த அந்தப் பெயரை எழுத்துக் கூட்டி 'நாகப்பன்' என்று வாய்விட்டு வாசித்தேன். பின்னால் நின்றவர், "இன்னொருக்காச் சொல்லும்" என்றார். சொன்னேன். மூன்றாம் முறையும் சொல்லச் சொன்னார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் பிறகு 'நாகப்பர்' ஆக்கினேன். அந்தக் கடைசி எழுத்து மரியாதைக்கு என்று விளக்கியபோது மனிதருக்குப் பிடிபடாத சந்தோசம்.

ஆளைப் பார்த்தால் எங்கள் ஊரான பேசாலையில் கரைவலை இழுக்கிறவர்களில் ஒருவர் என்றுதான் நினைப்பீர்கள். பிறந்தது கரீபியன் கடலில் மார்த்தினிக் தீவு. யாழ்ப்பாணக் குடாநாடு அளவு இருக்கும். அடிமை முறை முடிந்த பிறகு கரும்பு வெட்ட ஆளில்லாமல், காரைக்கால், புதுச்சேரிப் பக்கமிருந்து தமிழ்ச் சனத்தைக் கப்பலில் ஏற்றிக் கொண்டு போனார்கள். அந்த வழி வந்தவர். ஞாயிறு பூசைக்குப் போகிற கத்தோலிக்கர்கள். ஆனால் ஊரில் சின்னதாக ஒரு மாரியம்மன் கோவிலும் வைத்திருக்கிறார்கள். அங்கே தமிழில் பாடுவார்களாம், அர்த்தம் ஒருவருக்கும் தெரியாதாம்.

தீவு பிரான்சின் கையில். கொலனி என்ற பெயரை எடுத்துவிட்டுப் பிரான்சின் ஒரு மாவட்டம் என்று பெயர் வைத்து அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. பொலிஸ், முத்திரை, பள்ளிக்கூடப் புத்தகம் எல்லாம் பிரான்சிலிருந்துதான். நாகப்பர் அந்தப் பள்ளிக்கூடத்தில் பனிமழை பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்தவர். பனியை முதல் முதல் கண்டது மொன்றியல் விமான நிலையத்தில்.

அவர் என்னோடு பேசுவது பிரெஞ்சு. என் காதில் அது எங்கள் தமிழாகத்தான் விழும், விழுந்தபடியே இங்கே எழுதுகிறேன். என்னுடைய பிரெஞ்சு அவர் காதில் எப்படி விழுந்ததோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

அவரிடம் ஒரே கதைதான். போர்க்லிப்டில் ஏறி இருந்தாலும் அதுதான், கோப்பி குடித்தாலும் அதுதான்.

"அருள், என்ர வீட்டில எந்த அறைக்கு எந்தக் கதவு போடுறது எண்டதை ஏழாயிரம் கிலோமீற்றர் தள்ளி இருக்கிறவன் முடிவெடுக்கிறான். அவன் கெட்டவன் எண்டு நான் சொல்லேல்லை. நல்ல கதவாத்தான் போடுவான். ஆனா வீடு என்ர எல்லே?"

எனக்கு விளங்காமல் போகுமா? நான் தலையை ஆட்டுவேன். நான் ஆட்டிய வேகத்தைப் பார்த்து அவர் என்னைத் தன் கட்சி என்றே முடிவு கட்டிவிட்டார்.

3

இப்போது என் குட்டை உடைக்கிறேன்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஒக்டோபர் முடிவில், கியூபெக் மாகாணம் தனிநாடாவதா இல்லையா என்று வாக்கெடுப்பு வந்தது. நான் குடியுரிமை எடுத்து இரண்டு வருடம். என் வாழ்நாளில் உருப்படியாகப் போட்ட முதல் வாக்கு அது. ஊரில் ஒரு தடவை போடப் போனேன், என் பெயரில் ஏற்கெனவே யாரோ புண்ணியவான் போட்டுவிட்டுப் போயிருந்தான். விரலில் மை படாமலே திரும்பி வந்தேன்.

நாகப்பர் 'ஓம்' பக்கம், பிரிய வேண்டும் என்கிற பக்கம். சட்டையில் வில்லை குத்திக்கொண்டு திரிந்தார். "நீர் எந்தப் பக்கம்?" என்று என்னிடம் ஒரு நாளும் கேட்கவில்லை. சொந்த ஆட்சி கேட்டு உயிரைக் கொடுக்கிற சனத்தில் ஒருவன் வேறென்ன போடுவான் என்று நினைத்திருப்பார்.

நான் 'இல்லை' போட்டேன்.

மனைவி மெற்றில்டாவின் தாய் தகப்பனை இங்கே கூப்பிடுகிற கோவை தலைநகர் ஒட்டாவாவில் யாரோ ஒருவரின் மேசையில் கிடந்தது. நாடு பிரிந்தால் அந்தக் கோவை எந்த நாட்டுக் கோவை? குடியுரிமை அட்டை கைக்கு வந்து மணம்கூட மாறவில்லை, அதற்குள் அதுவும் செல்லாமல் போகுமா? தமிழ்க் கடைகளில் இதே பேச்சு. ஒரு கிழமைக்கு முன்னரே தீர்மானித்துவிட்டேன். பயத்தில் போட்ட வாக்கு அது. கொள்கை விளக்கமெல்லாம் அதற்குக் கிடையாது.

வாக்குப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் தொலைபேசி அடித்தது. இராணுவம் நெருங்குகிறது, யாழ்ப்பாணம் முழுவதும் வெளிக்கிடுகிறது, மழை கொட்டுகிறது, ஒரே ஒரு றோட்டில் அவ்வளவு சனமும் நடக்கிறது என்றார்கள். அங்கே கலியாணம் கட்டிப் போன என் அக்காவும் பிள்ளைகளும் அந்தச் சனத்துக்குள். தொலைக்காட்சியில் ஓமும் இல்லையும் மாறி மாறி ஏறி இறங்கின. மயிரிழையில் 'இல்லை' வென்றது. நான் தொலைபேசியை விட்டு அசையவில்லை. யாருக்கு எடுத்தாலும் இணைப்புக் கிடைக்கவில்லை.

மறுநாள் கண் வீங்கிப்போய் வேலைக்குப் போனேன். நாகப்பர் என்னைக் கண்டார், வில்லையைக் கழற்றிப் பொக்கற்றில் போட்டார், ஓடி வந்து கட்டிப் பிடித்தார்.

"அழாதையும். இன்னொரு நாள் வரும், அருள். கட்டாயம் வரும்."

அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன், பிரெஞ்சும் வரவில்லை, தமிழும் வரவில்லை. அவர் தோளில் முகத்தை வைத்து அழுதேன். அந்த மனிதர் தன் தோல்விக்காக அழுகிற ஒரு தமிழனைக் கண்டுவிட்டார். விளக்கிச் சொல்லலாம், பேந்து சொல்லலாம் என்று நினைத்தேன். அக்கா குடும்பம் கொடிகாமத்தில் உயிரோடு இருக்கிறது என்று செய்தி வரவே பல நாள் ஆனது. அதற்குள் நாகப்பர் வேறு ஆளாகிவிட்டார். தன் சாப்பாட்டில் பாதி தந்தார், போர்க்லிப்ட் ஓட்டப் பழக்கினார், வரி அலுவலகக் கடிதங்களை வாசித்து விளக்கினார். என் மகள் ஜெனிற்றாவுக்குத் தேவாலயத்தில் நடந்த உறுதிபூசுதலுக்கு ஞானத்தகப்பனாக நின்றார். இவ்வளவும் ஒரு பிழையான அழுகையில் தொடங்கியது. அதை எப்படித் திருப்பி எடுப்பது?

இரண்டாயிரத்து மூன்று நவம்பரில் ஒரு நாள் ஜெனிற்றா சாப்பாட்டு மேசையில் கேட்டாள். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. வகுப்பில் மக்களின் சுயநிர்ணயம் என்று ஏதோ படிப்பித்திருக்கிறார்கள்.

"அப்பா, தொண்ணூற்றைந்தில நீங்கள் ஓம்தானே போட்டனீங்கள்? பரேன் சொல்றார், நீங்கள் அடுத்த நாள் குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதனீங்களாம்."

பரேன் என்றால் பிரெஞ்சில் ஞானத்தகப்பன். அவள் நாகப்பரை அப்படித்தான் கூப்பிடுவாள். மெற்றில்டா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள், அவளுக்கு எல்லாம் தெரியும்.

"சாப்பிடு முதல்" என்றேன்.

அவளுக்கும் இப்போது எல்லாம் தெரியும். இந்தக் குறிப்பில் அவளைப் பற்றி எழுதுகிறேன் என்று சொன்னேன். "தமிழ் வாசிக்கப் பஞ்சி, சுருக்கிச் சொல்லுங்கோ" என்று பிரெஞ்சில் பதில் வந்தது.

4

அதே நவம்பரில்தான் நாகப்பரின் தீவில் ஒரு வாக்கெடுப்பு நெருங்கியது. தனிநாடா என்று கேட்கவில்லை. தீவில் இருந்த இரண்டு சபைகளை ஒன்றாக்கி, கொஞ்சம் கூடுதல் சொல்லுரிமையோடு ஒரே சபையாக வைத்துக்கொள்ளச் சம்மதமா என்பதுதான் கேள்வி. டிசம்பர் முதல் ஞாயிறு வாக்களிப்பு. வெளியாருக்கு இது சின்ன விஷயம். நாகப்பருக்கு இது முதல் படி, இருபது வருடமாக அவர் கத்திய கத்தலுக்கு முதல் தடவையாக யாரோ காது கொடுத்திருக்கிறார்கள்.

தாய் விட்டுப் போன வீட்டில் அவருக்கும் பங்கு இருந்ததால் ஊர் வாக்காளர் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. நத்தார் நேரம் பண்டகசாலையில் லீவு கிடையாது, போக முடியாது. ஆனால் பிரெஞ்சுச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர் துணைத்தூதரகத்துக்குப் போய், தனக்காக வாக்குப் போட இன்னொருவரை நியமிக்கலாம். அந்த ஆள் அதே ஊர்ப் பட்டியலில் இருக்க வேண்டும்.

அங்கேதான் சிக்கல். அவருடைய சினேகிதர்களில் பாதிப்பேர் பாரிஸில், மீதிப்பேர் மேலே. ஊர்ப் பட்டியலில் மிஞ்சியது அண்ணன் பெலிக்ஸ் மட்டும். பெலிக்ஸ் நகரசபையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தீவு பிரான்சை விட்டு ஒரு அங்குலம் நகர்ந்தாலும் பென்சனும் ஆஸ்பத்திரியும் போய்விடும் என்று பயப்படுகிறவர். பச்சை 'இல்லை'க்காரர். இந்தப் பேச்சால் அண்ணனும் தம்பியும் இரண்டு வருடமாகக் கதைப்பதில்லை.

"என்ர வாக்கைக் கொண்டுபோய் அவரின்ர கையில குடுக்கிறதோ? என்ர வாக்கையும் சேர்த்து ரெண்டு இல்லை போடுவார்" என்று நாகப்பர் தலையில் கை வைத்தார்.

அங்கேதான் நான் மூக்கை நுழைத்தேன். அந்த ஞாயிறு பூசை முடிந்து எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார். நான் சொன்னேன்: "அண்ணரைக் கற்பூரம் அடிச்சுச் சத்தியம் பண்ணச் சொல்லுங்கோ."

"அதென்ன?"

"கற்பூரத்தைக் கொளுத்தி, எரியேக்கை உள்ளங்கையால அடிச்சு நூத்துச் சத்தியம் பண்ணுறது. எங்கட சனம் பொய்ச் சத்தியம் எதிலையும் பண்ணும், கற்பூரத்தில பண்ணாது."

நாகப்பர் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். சின்ன வயதில் அம்மன் கோவில் கிண்ணியை உடைத்தது யார் என்று கேட்டு, தாய் ஒரு தட்டத்தில் எதையோ கொளுத்தி, அண்ணனையும் தன்னையும் கையால் அடிக்கச் சொன்னது ஞாபகம் வந்ததாம். அது தன் தாய் கண்டுபிடித்த தண்டனை என்றே இவ்வளவு காலமும் நினைத்திருந்தாராம். எனக்குப் புல்லரித்தது. தமிழ் ஒரு சொல் மிஞ்சாத இடத்தில் இது மிஞ்சியிருக்கிறது! என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு, தொலைபேசி அட்டையைச் சுரண்டி இலக்கங்களை அழுத்திக் கொடுத்தேன். எல்லோரும் கேட்கிற மாதிரி ஒலிபெருக்கியையும் போட்டேன்.

பெலிக்ஸ் எடுத்தார். குரலில் முதலில் பயம், பிறகு சந்தோசம். "ரெமி? உனக்கு ஒண்டுமில்லையே? சுகமா இருக்கிறியோ?" இரண்டு வருடத்துக்குப் பிறகு வந்த குரல். நாகப்பர் மூச்சுவிடாமல் விஷயத்தைச் சொன்னார். "சரி, கடுதாசியை அனுப்பு" என்று பெலிக்ஸ் சொல்ல வாயெடுத்திருப்பார் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அதற்குள் நான் நாகப்பருக்குக் கையால் சாடை காட்டினேன். அவர் கற்பூரத்தைச் சொன்னார்.

"என்ன?"

"அம்மா செய்விச்ச மாதிரி, அண்ணை. கையால அடிச்சு, ஓம்தான் போடுவன் எண்டு சொல்லுங்கோ."

"நான் என்ன உன்ர ஆட்டைக் களவெடுத்தனானோ?" என்றார் பெலிக்ஸ். "அறுபத்தெட்டு வயதில என்ர தம்பி என்னைக் கள்ளனெண்டு சொல்லவோ இவ்வளவு நாளுக்குப் பிறகு போன் எடுக்கிறான்?"

தொலைபேசி வைக்கப்பட்டது.

மெற்றில்டா குசினி வாசலில் அகப்பையோடு நின்றாள். "இஞ்சேருங்கோ, உங்களுக்கு ஏதும் விசரோ? கள்ளனிட்டையெல்லே கற்பூரம் அடிக்கச் சொல்லுறது! சந்தேகப்பட்ட ஆளை நிப்பாட்டி வைச்சுக் கேக்கிறது. கூடப்பிறந்த தமையனிட்டை ஆராவது கேப்பினமோ?"

அது எனக்குத் தெரியாததா? ஊரில் சங்கிலி காணாமல் போனாலும் கோழி காணாமல் போனாலும்தான் கற்பூரத்தட்டு வெளியே வரும். கற்பூரம் அடிக்கக் கூப்பிடுவதே பாதிக் குற்றச்சாட்டு. எங்கள் பழக்கத்தைக் கடல்கடந்து கண்டுபிடித்த பெருமையில் அதன் முக்கால்வாசியை மறந்துபோனேன். நாகப்பர் சோற்றுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு மேலங்கியைப் போட்டார். வாசலில் நின்று, "இல்லை எண்டு இருந்ததை இப்ப ரெண்டு இல்லையாக்கிப் போட்டீர்" என்றார். பிறகு மூன்று நாள் என்னோடு அவர் கதைக்கவில்லை. இறால்வடையை அவர் பெட்டகத்துக்கு முன்னால் வைத்துவிட்டு வந்தேன், அப்படியே திரும்பி வந்தது.

5

புதன்கிழமை மாலை அவரே வந்தார். "நாளைக்குக் காலமை அரைநாள் லீவு எடும். என்னோட வாரும்."

"எங்கை?"

"கெடுத்தவர் நீர்தானே. பக்கத்தில நிண்டு பாரும்."

நகர மையத்தில் துணைத்தூதரகம். மரியாதையான ஒரு பெண் படிவத்தை நீட்டினார். தனக்குப் பதிலாக யார் என்ற இடத்தில் நாகப்பர் அண்ணனின் பெயரை எழுதினார். பிறந்த திகதி, ஊர், விலாசம். நான் முழங்கையால் இடித்தேன்.

"அவர் ஓமெண்டு சொல்லேல்லையே, நாகப்பர்."

"இல்லையெண்டும் சொல்லேல்லை."

எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பெண்ணிடம் கேட்டேன்: "எந்த வாக்கைப் போடவேணும் எண்டு எழுதுற இடம் எங்கை இருக்கு?"

அவர் சிரித்துவிட்டார். "ஆளைத்தான் எழுதலாம், மிஸ்யோ. வாக்கை எழுத ஏலாது. வாக்கு இரகசியம்."

"அப்ப அந்தாள் மாறிப் போட்டா?"

"போட்டது போட்டதுதான்."

முப்பது வருடம் நான் கண்டது கையெழுத்து, சாட்சி, புகைப்படம், சத்தியக்கடதாசி. அகதி விசாரணையில் நான் பிறந்தேன் என்பதை நிரூபிக்கவே நாலு கடதாசி தேவைப்பட்டது. இங்கே ஒரு மனிதனின் வாக்கை இன்னொருவன் கையில் கொடுக்கிறார்கள், ஒரு வரி உத்தரவாதம் இல்லை! நாகப்பர் தான் எழுதிய அண்ணனின் பெயரை இன்னொரு தரம் வாசித்தார். பிறகு கையெழுத்து வைத்தார்.

வெளியே குளிர் முகத்தில் அறைந்தது. பஸ் தரிப்பிடத்தில் கேட்டேன், ஏன் வைத்தீர்கள் என்று.

"அருள், என்ர சனம் தன்னைத் தானே ஆளட்டும் எண்டு இருபது வருசமாக் கத்திறன். அண்ணையும் அந்தச் சனத்தில ஒராள்தானே? அவரிட்டை ஒரு வாக்கை நம்பிக் குடுக்க ஏலாதெண்டா, நான் கத்தினது என்னத்துக்கு?"

வீட்டுக்கு வந்து இதை மெற்றில்டாவிடம் சொன்னேன். அவள் கார்தரி என்கிற பிள்ளைகள் காப்பகத்தில் சமைக்கிறவள், பெரிய அரசியல் பேசமாட்டாள். "அந்த மனுசன் பெரிய மனுசன்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நீங்களும் எப்பவாவது சொல்லத்தான் வேணும்" என்றாள். எதை என்று நான் கேட்கவில்லை.

6

டிசம்பர் முதல் ஞாயிறு போனது. அன்று முழுவதும் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. எங்கேயோ ஒரு தீவில் ஒரு கிழவர் வாக்குச்சாவடிக்குள் இரண்டு தரம் போய் வருகிறார், அதில் எனக்கென்ன என்று மனதுக்குச் சொல்லிப் பார்த்தேன். அது கேட்கவில்லை.

திங்கள் காலையில் நாகப்பர் எனக்கு முன்னமே வந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்துத் தோற்றுவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

"கொஞ்சத்தால போச்சு" என்றார். "இந்த ஊர் தொண்ணூற்றைந்து மாதிரியே. ஒரு பெரிய கலியாண வீட்டுச் சனம் மறுபக்கம் போட்டிருந்தா வெண்டிருப்பம்."

"அண்ணர்?"

போர்க்லிப்டின் சாவியைத் திருப்பி நிற்பாட்டினார். "நேற்றுப் பின்னேரம் போன் எடுத்தவர். முதல் என்ரயைப் போட்டவராம், ஓம். பேந்து வெளியில வந்து, திரும்ப வரிசையில நிண்டு, தன்ரயைப் போட்டவராம், இல்லை. இனிமேல் தன்னட்டைக் கற்பூரம் கேக்கக்கூடாதாம்." சொல்லும்போதே சிரித்துவிட்டார். கண்ணில் தண்ணீர் நின்றது. "ஒரு வீட்டில ரெண்டு வாக்கு, ஒண்டை ஒண்டு வெட்டிப் போட்டுது. ஆனா நாங்கள் ஒரு மணித்தியாலம் கதைச்சம், அருள்."

எனக்கு என் ஊர்ப் புத்தி. "அவர் உண்மையா ஓம் போட்டவர் எண்டு என்ன நிச்சயம்?"

"தான் இல்லை போட்டதை எனக்கு முகத்துக்கு நேரை சொன்னவரே! பொய் சொல்லுற ஆளெண்டா ரெண்டும் ஓமெண்டு சொல்லிப்போட்டுச் சும்மா இருந்திருப்பார். எனக்குப் பிடிக்காததைச் சொல்லுற மனுசன் என்னை ஏமாத்தமாட்டார்."

என் காது இரண்டும் சுட்டன. எட்டு வருடமாக இந்த மனிதருக்குப் பிடிக்காததைச் சொல்லாமல் இருந்து, அவர் சாப்பாட்டில் பாதி தின்று, பிள்ளைக்கு ஞானத்தகப்பனாக்கியவன் நான். பெட்டியைக் கீழே வைத்தேன்.

"நாகப்பர், தொண்ணூற்றைந்தில நான் இல்லை போட்டனான்."

"அப்ப ஏன் அழுதனீர்?"

சொன்னேன். அக்காவை, மழையை, அந்த ஒற்றை றோட்டை, கிடைக்காத தொலைபேசியை. இந்தத் தடவை பிரெஞ்சு தடங்கல் இல்லாமல் வந்தது. நான் அதைச் சாட்டாகச் சொல்லவில்லை, வாக்குப் போட்ட பிறகுதான் செய்தி வந்தது என்பதையும் சொன்னேன். பயத்தில்தான் போட்டேன் என்றேன்.

நாகப்பருக்குக் கோபம் வந்தது. அவ்வளவு கோபத்தை அவரிடம் நான் அதற்கு முதல் கண்டதில்லை. கையுறையைக் கழற்றி நிலத்தில் அடித்தார்.

"இல்லை போட்டது உம்மட உரிமை, அதை விடும்! உம்மட ஊரே றோட்டில நிண்டிருக்கு, உம்மட அக்கா அதுக்குள்ளை, நான் ஒரு வாக்குப்பெட்டிக்காக உம்மட முதுகைத் தட்டினன்! இன்னொரு நாள் வருமெண்டு சொன்னன்! எட்டு வருசம், அருள்! ஒரு நாள் சொல்லியிருந்தா, நான் உம்மோட இருந்து அழுதிருக்கமாட்டனே?"

மேற்பார்வையாளர் கண்ணாடி அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். நாகப்பர் அவரைப் பார்த்துக் கையை வீசினார், போ என்று. பிறகு குரல் இறங்கியது.

"அக்கா?"

"இருக்கிறா. பிள்ளையளும் இருக்கினம்."

"பேர் என்ன?"

"திரேசம்மா."

எட்டு வருடம் பிந்தி, அந்தப் பெயரை அவர் ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். பெட்டியொன்றில் குந்தினார். நானும் பக்கத்தில் குந்தினேன். லொறிகள் பின்னால் வந்து நின்று சத்தம் போட்டன, நாங்கள் எழும்பவில்லை.

"அண்ணைக்கு அறுபத்தெட்டு" என்றார் கடைசியில். "இனி ஒரு வாக்கெடுப்பு எப்ப வருமோ, அப்ப அவர் இருப்பாரோ தெரியாது. நீர் எங்கட ஊர்ப் பட்டியலில இருந்தா, அந்தக் கடுதாசியில உம்மட பேரைத்தான் எழுதுவன்."

"இல்லை போட்டவன்ர பேரையோ?"

"ஓம். போட்டதைச் சொல்லிப்போட்டீரே."

கனடா எனக்குத் தந்த எந்தக் கடதாசியும் என்னை இப்படி ஒரு ஊரில் சேர்த்ததில்லை.

"எழுதுங்கோ, நாகப்பர்" என்றேன். "உங்கடையை ஓமெண்டு போடுவன். என்ரயை என்ன போட்டனெண்டு அண்டைக்கே, உங்கட முகத்தைப் பாத்துச் சொல்லுவன்."